பென்சில் பிடிக்கும் முன்னே: பிள்ளைகளின் கைவிரல் திறனை வளர்ப்போம்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுடன் கூடியிருந்து கதைக்கும்போது, தாய்மார் அடிக்கடி கூறும் குறை ஒன்றை நாம் கேட்டிருக்கின்றோம். "பிள்ளை நல்லாய்க் கதைக்கிறான். கணக்குக் கேட்டாலும் வாயாலை சொல்லுறான். கொப்பியிலை எழுதச் சொன்னால்தான் அழுகிறான்" என்பார்கள். பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிப்பதும், கூரை உடைப்பதும், இரண்டு எழுத்து எழுதியதும் கை நோகிறது என்று விட்டுவிடுவதும் இப்பிள்ளைகளிடம் நாம் காணும் இயல்புகள். வகுப்பில் இவர்களுக்கு "மந்தமான பிள்ளை" என்ற பெயர் எளிதில் வந்துவிடுகின்றது. அப்பெயரோடு வாழ விரும்பாத பிள்ளை, சில ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடுகின்றது.

நாம் பழகிய இத்தகைய பிள்ளைகள் பலரிடத்தில் குறை அறிவில் இருக்கவில்லை. அவர்களுடைய விரல்கள் எழுதுவதற்கு இன்னும் ஆயத்தமாகியிருக்கவில்லை. இதனைச் சீர்செய்ய விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பொருள்கள் தேவையில்லை. தற்காலிகக் கொட்டிலிலும் செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

கை எவ்வாறு பழகுகின்றது?

கண் பார்க்க, மூளை கட்டளையிட, விரல்களின் சிறிய தசைகள் அக்கட்டளைப்படி அளவாக அசைவதையே நுண்தசைத் திறன் என்கின்றோம். தெறி பூட்டுவது, சோறு பிசைந்து உண்பது, ஊசியில் நூல் கோப்பது, எழுதுவது எல்லாம் இத்திறனால் நடப்பவை.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றில் 8 எலும்புகள் மணிக்கட்டில் உள்ளவை. பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் வெறும் குருத்தெலும்பாகவே இருக்கும். அவை பிள்ளைப் பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாகவே இறுகுகின்றன. ஆகவே மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு, வளர்ந்தவருடைய மணிக்கட்டைப் போன்றதன்று. அதற்குரிய காலத்தை நாம் கொடுக்கவேண்டும்.

இன்னொன்றையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வலது முன்னங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது விரல்களை மடக்கி நீட்டுங்கள். முன்னங்கையின் தசை அசைவதை உணர்வீர்கள். விரல்களை வலுவாக அசைக்கும் தசைகளிற் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. துலாக்கயிற்றை மேலே நின்று இழுக்கக் கீழே வாளி அசைவதுபோல, இத்தசைகள் தசைநாண்களின் வழியாக விரல்களை இழுக்கின்றன. எனவே முன்னங்கையும் தோளும் வலுப்பெறாமல் விரல் மட்டும் திருந்தாது. வேர்பிடிக்காத நாற்றிலே கதிரை எதிர்பார்க்க முடியாது என்பது விவசாயிகளாகிய உங்களுக்குத் தெரியாததன்று. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்ற ஒழுங்கிலேயே பிள்ளையின் கை பொதுவாகப் பக்குவப்படுகின்றது.

இடப்பெயர்வு எடுத்துக்கொண்டது எதனை?

சொந்த ஊரில் யாரும் பிள்ளைக்கு விரற்பயிற்சி கொடுத்ததில்லை. முற்றத்தில் மண் அளைந்து, கிணற்றடியில் சிரட்டையால் தண்ணீர் வார்த்து, விழுந்த புளியம்பழத்தைப் பொறுக்கி, அம்மம்மாவுடன் கீரை ஆய்ந்து பிள்ளை தானாகவே பழகியது. வெங்காயத் தறையிலும் வரம்பிலும் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்தது.

இடம்பெயர்ந்த இடத்தில் முற்றம் இல்லை. பிறர் காணி என்பதால் எதனையும் தொடாதே என்கின்றோம். பயத்தினால் பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருக்கின்றோம். கிடைக்கும் சோறு சிந்திவிடும் என்ற கவலையில் நாமே ஊட்டிவிடுகின்றோம். இவையெல்லாம் பிள்ளைமீது கொண்ட அன்பினால் செய்பவை. ஆயினும் பிள்ளையின் கைக்கு ஒரு நாளில் கிடைக்கவேண்டிய நூறு சிறு வேலைகள் இதனால் இல்லாமற் போகின்றன.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் முதலாம் ஆண்டில் படித்த சிறுவன் ஒருவன் இருந்தான். சேட்டுத் தெறியைப் பூட்டத் தெரியாது. எழுதச் சொன்னால் மேசைக்குக் கீழே ஒளிப்பான். அவனுடைய அப்பு செம்மண் தறையில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். நிலத்தை விட்டு வந்தபின் மரத்தடியில் சும்மா இருந்தார். கொட்டிலின் பக்கம் மறைக்க ஒருநாள் தென்னோலையைப் பிளந்து ஊறப்போட்டுக் கிடுகு பின்னத் தொடங்கினார். பேரன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். முதலில் ஓலையை இழுத்துக் கொடுத்தான். பிறகு ஓர் ஓலையின் மேலாகவும் மற்றதன் கீழாகவும் விரலை விட்டு எடுக்கப் பழகினான். பின்னியது கோணலாக இருந்தாலும் அப்பு அதனை அவிழ்க்கவில்லை. அப்படியே மறைப்பில் கட்டினார். சில மாதங்களின் பின் அவன் தானே தெறி பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். எழுத்தும் மெல்ல மெல்ல வரிக்குள் வந்தது. "அவனுக்குப் பழக்கினதாலை என்ரை கைக்கும் ஒரு வேலை வந்தது" என்று அம்முதியவர் எமக்குச் சொன்னார். எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு இலகுவாக நடக்கும் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் நிலம் போனாலும் பெரியவர்களின் கையிலுள்ள பழக்கம் போகவில்லை. அது பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய செல்வம் என்பதை அந்தக் கொட்டிலில் நாம் கண்டோம்.

வறியவர்களின் வீட்டு வேலையைக் கல்வியாக மாற்றியவர்களும் உண்டு. இத்தாலிய வைத்தியரான மரியா மொன்ரிசோரி 1907 இல் உரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் வறிய பகுதியிலேயே தமது முதலாவது சிறுவர் இல்லத்தை ஆரம்பித்தார். தெறி பூட்டுதல், முடிச்சுப் போடுதல், தண்ணீர் வார்த்தல், துடைத்தல் என்பவற்றை அவர் பாடமாகவே கொண்டார். இத்தகைய வேலைகளில் பழகிய கை எழுதுவதற்கும் ஆயத்தமாகின்றது என்பது அவருடைய அனுபவம். 1939 இல் இந்தியாவுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய அவர், 1944 இல் இலங்கைக்கும் வந்தார்.

வயதும் வளர்ச்சியும்

பிள்ளைக்குப் பிள்ளை சில மாதங்கள் முந்திப் பிந்தி வரலாம். பொதுவாகக் காணப்படும் படிகள் இவை:

3 - 4 மாதம்: பொத்திய கை விரிகின்றது. தன் கைகளைத் தானே பார்த்து விளையாடுகின்றது.

5 - 7 மாதம்: கையை நீட்டிப் பொருளை முழுக் கையாலும் பற்றுகின்றது. பின்னர் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகின்றது.

9 - 12 மாதம்: பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து சிறிய பொருளைக் கிள்ளி எடுக்கின்றன. இது மிக முக்கியமான படி.

ஒன்றரை வயது: கிறுக்குகின்றது. இரண்டு மூன்று கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகின்றது.

3 வயது: வட்டத்தைப் பார்த்துக் கீறுகின்றது. பெரிய மணிகளை நூலில் கோக்கின்றது.

4 வயது: கூட்டல் அடையாளத்தைக் கீறுகின்றது. கத்தரிக்கோலால் கடதாசி வெட்டப் பழகுகின்றது. பெரிய தெறிகளைப் பூட்டுகின்றது.

5 வயது: சதுரம் கீறுகின்றது. சில எழுத்துக்களையும் எழுதத் தொடங்குகின்றது.

மூன்று வயதில் எழுத்து எழுதவேண்டும் என்று இப்படிகளில் எங்கும் இல்லை. ஏடு தொடக்கும்போதுகூட நாம் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுப்பதில்லை. விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றோம். விரலே முதல் எழுதுகோல் என்பது நமது வழக்கத்திலேயே உள்ளது.

கையிலுள்ளதைக் கொண்டு செய்யக்கூடியவை

1. பிசைதலும் பிழிதலும். ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். உருட்டட்டும், தட்டட்டும், கிள்ளிக் கிள்ளி வைக்கட்டும். மா இல்லாத நாளில் கல், கண்ணாடித் துண்டு இல்லாத களிமண் போதும். தேங்காய்ப்பூவைப் பிழிந்து பாலெடுப்பதும், கழுவிய சிறு துணியை முறுக்கிப் பிழிவதும் முன்னங்கைக்கு நல்ல வலுவைத் தரும். நாலு வயதுப் பிள்ளை தனது கைலேஞ்சியைத் தானே கழுவிப் பிழியலாம்.

2. பொறுக்குதலும் பிரித்தலும். பயறு, கௌபி, கச்சான் மூன்றையும் சுளகில் கலந்துவிட்டு மூன்று சிரட்டைகளில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். கச்சான் கோது உடைத்தல், பயற்றங்காய் முறித்தல், முருங்கையிலை உருவுதல், வெங்காயத் தோல் உரித்தல் என்பனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளும் பழக்கம் பென்சிலைப் பிடிக்கும் பழக்கத்தின் தொடக்கம்.

3. கோத்தல், முடிதல், பின்னுதல். பப்பாசி இலைத் தண்டைச் சிறு குழாய்களாக வெட்டிக் காயவிட்டால் மணிகளாகும். அவற்றைத் தடித்த நூலிலோ கயிற்றிலோ கோக்கலாம். பூ கட்டலாம். நான்கு வயதின் பின் தென்னோலை இதழ்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன விடலாம். பனையோலை கிடைக்குமிடத்தில் காற்றாடி, கிலுகிலுப்பை, சிறுபெட்டி என்று வளரலாம். பெட்டி இழைக்கத் தெரிந்த ஓர் ஆச்சி உங்கள் வரிசையில் இருந்தால், அவரே சிறந்த ஆசிரியர். கிழமைக்கு ஒருநாள் நாலைந்து பிள்ளைகளை அவரிடம் இருத்துங்கள்.

4. வார்த்தலும் அள்ளுதலும். இரண்டு சிரட்டைகளும் ஒரு சிறு பேணியும் போதும். மணலை அல்லது தண்ணீரைச் சிந்தாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவது கண்ணையும் கையையும் ஒன்றாக வேலை செய்யப் பழக்கும். தண்ணீருக்குத் தட்டுப்பாடான இடத்தில் மணலைப் பயன்படுத்துங்கள். பேணியின் விளிம்பு கையை வெட்டாதபடி தட்டி மடித்துவிடுங்கள்.

5. நடுதல். ஒரு சிரட்டையில் மண் நிரப்பி, விரலால் குழி செய்து, ஒவ்வொரு விதையாக இட்டு மூடச் செய்யுங்கள். முதலில் பயற்றை போன்ற பெரிய விதை. கை பழகியபின் கத்தரி, தக்காளி போன்ற சிறிய விதை. முளைத்த நாற்றை வேர் அறாமல் கிளப்பி மாற்றி நடுவது ஆறேழு வயதுப் பிள்ளைக்கு நல்ல பயிற்சி. நிலத்தை நேரில் காணாமல் வளரும் விவசாயியின் பிள்ளைக்கு இதில் வேறொரு நன்மையும் உண்டு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

6. தானே உண்ணுதல். சிறிதளவு சோற்றைத் தட்டில் இட்டுப் பிள்ளையே பிசைந்து, திரட்டி உண்ண விடுங்கள். கீழே துப்புரவான துணியை விரித்தால் சிந்தியதும் வீணாகாது. மீதியை நீங்கள் ஊட்டலாம். நாளுக்கு மூன்று முறை நடக்கும் இதைவிடச் சிறந்த விரற்பயிற்சி வேறில்லை.

இவற்றில் ஆண், பெண் என்ற வேறுபாடு வேண்டாம். வெங்காயம் உரிப்பதால் ஆண்பிள்ளைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. அதேவேளை, இவை பிள்ளையிடம் வேலை வாங்குவதற்கான வழிகளும் அல்ல. பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை சலித்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

பென்சில் பிடிக்கும் காலம்

பென்சிலுக்கு முன் விரலால் மணலிலும், பின் ஈர்க்குக் குச்சியால் ஈரமண்ணிலும், பின் கரித்துண்டால் நிமிர்த்திவைத்த தகரத்திலோ பலகையிலோ கீறவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் பரப்பில் கீறும்போது தோளும் மணிக்கட்டும் வலுப்பெறுகின்றன. முதலில் நேர்கோடு, பின் வட்டம், பின் வளைவும் சுழியும். நமது எழுத்துக்களில் வளைவுகள் அதிகம். ஆதலால் வட்டமும் சுழியும் கைக்கு வந்தபின் எழுத்துக்கள் இலகுவாகும்.

நீண்ட பென்சிலைவிடத் துண்டுப் பென்சில் தொடக்கத்தில் நல்லது. அது சிறிதாக இருப்பதால் முழுக் கையாலும் பொத்திப் பிடிக்க இடமில்லை. விரல்நுனிகளாலேயே பிடிக்கவேண்டி வருகின்றது. ஆகவே பிறர் எறிந்த துண்டுப் பென்சிலைக் கொடுக்க நேர்ந்ததே என்று எவரும் வெட்கப்படத் தேவையில்லை. மேசை இல்லாவிடில், சம்மாணமிட்டிருந்து மடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து எழுதலாம். வெளிச்சம் போதுமானதாக இருத்தல் வேண்டும்.

இடது கையால் எழுதும் பிள்ளையை அடித்து வலது கைக்கு மாற்றாதீர்கள். உண்பதற்கு வலது கையைப் பழக்க விரும்புவோர் அன்பாகப் பழக்கலாம். எழுதுவதற்கு எந்தக் கை இயல்பாக வருகின்றதோ அந்தக் கையை விட்டுவிடுங்கள். கொப்பியைச் சற்றுச் சரித்து வைக்கமட்டும் உதவுங்கள்.

பள்ளியைத் தவறவிட்ட பெரிய பிள்ளைகள்

எட்டு, ஒன்பது வயதில் மீண்டும் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் சிறியோருடன் இருந்து கிறுக்க வெட்கப்படுவார்கள். அவர்களுக்குக் கொக்கான் வெட்டுதல், போளை அடித்தல் போன்ற விளையாட்டுக்கள் உதவும். எறிந்த கல் கீழே வருமுன் நிலத்திலுள்ள கல்லை அள்ளுவதில் கண்ணும் கையும் எவ்வளவு விரைவாக ஒத்துழைக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கிழிந்த உடுப்பைத் தைத்தல், தெறி தைத்தல், வலை பின்னுதல், பெட்டி இழைத்தல் என்பன அவர்களுக்குப் பயனும் மதிப்பும் தரும் வேலைகள். கையில் நம்பிக்கை வந்தபின் கொப்பியைக் கொடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பெரும் பயத்தையோ இழப்பையோ கண்ட பிள்ளை, முன்பு செய்த வேலையையே செய்ய மறுக்கலாம்; கை நடுங்கலாம்; மீண்டும் விரல் சூப்பலாம். இது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. அடிப்பதால் இது கூடுமேயன்றிக் குறையாது. மா பிசைதல், மண் அளைதல் போன்ற அமைதியான வேலைகளில் உங்கள் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாளடைவிலும் மாறாவிடில் மருத்துவ உதவியை நாடுங்கள்.

கவனிக்கவேண்டிய ஆபத்துகள்

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் விதை, மணி, கச்சான் போன்ற சிறிய பொருள்களைக் கொடுத்துவிட்டு அப்பால் செல்லவேண்டாம். அவை மூச்சுக்குழாயில் சிக்கலாம். மூக்கிலும் காதிலும் போகலாம். இவ்வயதினருக்குச் சிரட்டை, பனங்கொட்டை போன்ற, வாய்க்குள் போகாத பொருள்களே உகந்தவை.

குண்டுமணி அழகானது, ஆனால் கடுமையான நஞ்சு. ஆமணக்கு விதை, அலரி விதை, ஊமத்தை விதை என்பனவும் நஞ்சே. இவற்றை எந்த வயதுப் பிள்ளைக்கும் எண்ணவோ கோக்கவோ கொடுக்கலாகாது.

தண்ணீர் வாளியருகே சிறு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரைவாளித் தண்ணீரும் உயிரைப் பறிக்கும்.

யுத்தம் நடந்த நிலத்தில் களிமண் தோண்டவோ பொருள் பொறுக்கவோ பிள்ளைகளைத் தனியே அனுப்பவேண்டாம். இன்னதென்று தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல் வந்து பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள்.

எப்போது ஆலோசனை பெறவேண்டும்?

நான்கு மாதத்தின் பின்னும் கை எப்போதும் இறுகப் பொத்தியபடியே இருந்தால், ஆறு மாதமளவில் பொருளுக்குக் கை நீட்டாவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை விட்டுவிட்டால், ஒரு வயது கடந்தும் விரல்களால் கிள்ளி எடுக்காவிட்டால், முன்பு தெரிந்ததை இழந்துகொண்டு வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். பொருளைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்கும் பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடும் இருக்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது சிகிச்சை நிலையத்தில் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுடன் சென்று சொல்லுங்கள். பதிவேடு இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் செல்லத் தயங்கவேண்டாம். இளமையிலேயே தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை விரைவில் களைத்துவிடும், கவனமும் சிதறும். முருங்கையிலை, கீரை வகை, பருப்பு, கிடைக்கும்போது மீன் என்பவற்றைச் சேருங்கள். கீரையில் சிறிது தேசிக்காய்ப் புளி சேர்ப்பது அதன் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். பூச்சி மருந்தையும் உரிய காலத்தில் கொடுக்கவேண்டும்.

இன்றே தொடங்குவோம்

இன்று மாலை சமையலுக்கு இருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரு பிடி கீரையை ஆயக் கொடுங்கள். நாளை ஒரு சிரட்டையும் இரண்டு விதையும் கொடுங்கள். கோணலாகச் செய்தாலும் உடனே பறித்துத் திருத்தாதீர்கள். செய்ததை எடுத்து உண்மையாகவே பயன்படுத்துங்கள். அவன் ஆய்ந்த கீரை கறியாகட்டும். அவள் பின்னிய ஓலை மறைப்பாகட்டும். தன் கை இக்குடும்பத்துக்கு உதவுகின்றது என்று அறிந்த பிள்ளை அடுத்த நாளும் தானாகவே வந்து பக்கத்தில் இருக்கும். எழுத்தும் அந்தக் கைக்கு மெல்ல வந்து சேரும்.